ஒட்டுப் போர்வை

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் மொழி. கசக்கிக் கட்டுதற்கும் உதவாத கந்தையை என்செய்வது என்னும் வினாவிற்கு அவர்கள் சொல்லால் விடை கூறாது செயலால் விடை கூறினர். நைந்த சேலை குழந்தைக்குத் தொட்டிலாயிற்று. தொட்டிலுக்கு ஆகாதபோது சுமை தூக்குவார்க்குச் சும்மாடாயிற்று. பின்னர்க் கிழித்த துண்டுகளுள் மெல்லியது விளக்குத் திரியாகவும், தடித்தது அடுப்பங்கரையிற் பிடிதுணியாகவும் உதவிற்று. இங்ஙனம் ஒரு சேலை பல பிறவி எடுத்த பின்னரே மண்ணோடு மண்ணாயிற்று.

அப்பிறவிகளுள் ஒன்றனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். பல துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேற்றுணியாக்கி, அதன்கீழ் நடுத்துணி ஒன்றும் அடித்துணி ஒன்றும் வைத்து, மூன்றையும் ஊடுருவத் தைத்துச் செய்யும் போர்வையை இக்கட்டுரையில் ஒட்டுப் போர்வை என வழங்குவோம். வங்காள நாட்டார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வையைக் 'காந்தா' என்பர். அச்சொல்லும் நம் 'கந்தை' என்னும் சொல்லும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. ஆதலின் இக்கலை நமக்குப் புதியதன்று. புதியது ஒன்று உண்டெனின், அது தொடங்கியதை முடியாது விடும் வழக்கமே. ஒட்டுப் போர்வையைத் தொடங்குவார் பலர், முடிப்பார் சிலர். முடிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுவோம். தாயைப் பெற்ற பாட்டியாரைக் கொங்கு நாட்டில் 'அம்மாயி' என்று அழைப்பர். எம் அம்மாயி காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், அவர்தம் தகரப் பெட்டியை யாம் திறந்து பார்த்தோம். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒன்பது ஒன்பதாகச் சேர்த்துத் தைத்த இருபத்துமூன்று கட்டங்கள் அதனுள் இருந்தன. இருபத்துநான்காம் கட்டத்திற்கு வேண்டிய ஒன்பது சதுரங்களுள் ஏழு, தைக்கப்படாமல் நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அக்கட்டில் ஊசி ஒன்று துருவேறிக் கிடந்தது. அடித்துணியும் இல்லை, விளிம்புத் துணியும் இல்லை. வீட்டார் ஒருவர், "கந்தல்தானே, கழித்துவிடலாம்" என்றார். எம் அன்னையாரோ ஒன்றும் கூறாது பெட்டியை மூடினார். அப்போர்வையை முடிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது அவ்வாறே. முடிக்கும் முயற்சியில் யாம் செய்த பிழைகளும் கற்ற பாடங்களும் நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று நம்புகின்றோம்.

துணி வந்த வழி

துண்டுத் துணிக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. 1888-ஆம் ஆண்டு இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பார் கோயமுத்தூரில் நூற்பாலை ஒன்றை நிறுவினார். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் வேரூன்றி, இன்று ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடைகள் அந்நகரினின்றும் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிகள் காடாத்துணி நெய்கின்றன. சென்னிமலையிற் படுக்கை விரிப்பும், பவானியில் ஜமக்காளமும் நெய்யப்படுகின்றன. இவ்வளவு துணி நெய்யும் நாட்டில் வெட்டி எஞ்சும் துணியும் மிகுதியாக இருப்பது இயல்பே. ஆடை தைப்பதற்குத் துணியை வெட்டும்போது நூற்றுக்குப் 10 முதல் 20 பங்கு வரை கழிவாகப் போகின்றது என்பது உலகெங்கும் கூறப்படும் பொதுக் கணக்கு.

இக்கழிவு முழுதும் வீணாவதில்லை. திருப்பூரில் 'கட்டிங் வேஸ்ட்' என்னும் பெயரால் அதனை வாங்கி, நிறம் நிறமாகப் பிரித்து விற்பவர் பலர் உளர். வெண்துண்டுகள் இயந்திரம் துடைப்பதற்குப் பட்டறைகளுக்குச் செல்கின்றன. நிறத் துண்டுகள் மீண்டும் பஞ்சாகக் கிழிக்கப்பட்டு, 'ஓப்பன் எண்டு' ஆலைகளில் தடித்த நூலாக நூற்கப்படுகின்றன. வடக்கே பானிப்பட்டு நகருக்கும் மூட்டை மூட்டையாகச் செல்வதுண்டு. ஆதலின், ஒட்டுப் போர்வை தைத்துத் திருப்பூரின் கழிவையெல்லாம் தீர்த்துவிடலாமென்று யாம் கூறவில்லை. யாம் கூறுவது பிறிதொன்று. ஒவ்வொரு துண்டுத் துணியின் விலையும் கடையிற் கொடுத்த காசளவில் நின்றுவிடுவதன்று. சாயக் கழிவுநீரால் நொய்யலாறு கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டதும் நம் நாட்டார் அறிந்தவை. பருத்தி விளைத்த உழவன் உழைப்பும், நீரும், சாயமும், ஆற்றின் துன்பமும் ஆகிய யாவும் அத்துண்டினுள் முன்னமே செலவாகிவிட்டன. அதனைக் குப்பையில் எறிபவர் இவை அனைத்தையும் சேர்த்தே எறிகின்றார்.

துணி தேடுவோர்க்கு நான்கு இடங்கள் உண்டு. முதலாவது, அவரவர் வீடு. தாம்பூலத்துடன் வந்து தைக்கப்படாமற் கிடக்கும் ரவிக்கைத் துண்டுகள் எவ்வீட்டிலும் உண்டு. இரண்டாவது, தையற்கடை; அங்கு மாலைதோறும் பெருக்கித் தள்ளும் வெட்டுத்துணியை ஒரு பை கொடுத்து வைத்தால் மகிழ்ந்து சேர்த்துத் தருவர். மூன்றாவது, திருப்பூர்க் காதர்பேட்டை. ஏற்றுமதியில் எஞ்சியனவும் சிறு குறையால் தள்ளப்பட்டனவும் அங்குக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நான்காவது, ஈரோட்டில் திங்கள் இரவு முதற் செவ்வாய் வரை கூடும் துணிச் சந்தை. பழந்துணிக்குப் பாத்திரம் தருவோரிடம் நல்ல நூற்சேலையைக் கொடுத்து நெகிழி வாளி வாங்குவதினும், அச்சேலையைப் போர்வையின் அடித்துணியாக்குதல் மேல் என்பது எம் கருத்து.

பிரித்தலும் அலசலும்

கிடைத்த துணியை உடனே வெட்டத் தொடங்குதல் முதற்பிழை. முதலில் நெய்த துணியையும் பின்னிய துணியையும் வேறு வேறாகப் பிரித்தல் வேண்டும். சேலை, வேட்டி, சட்டைத்துணி முதலியன பாவும் ஊடுமாக நெய்தவை, இழுத்தால் நீளா. பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இவ்விரண்டையும் அறியாது கலந்து தைத்தால், தைக்கும்போது ஒன்றாகத் தோன்றினும், முதல் வெளுப்பிற்குப் பின் ஒன்று தொங்கும். மற்றொன்று சுருங்கி இழுக்கும். யாம் அம்மாயியின் ஏழு சதுரங்களுடன் பனியன் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்து, இக்காரணத்தால் அக்கட்டம் முழுவதையும் பிரிக்க நேர்ந்தது.

அடுத்தது அலசல். புதிய துண்டாயினும் பழைய துண்டாயினும் நீரிலிட்டு அலசி, நிழலில் உலர்த்தி, தேய்ப்புப் பெட்டியால் தேய்த்த பின்னரே வெட்டுதல் வேண்டும். பருத்தி முதல் அலசலிற் சுருங்கும். அச்சுருக்கம் வெட்டுவதற்கு முன் நிகழ்ந்துவிடுதல் நன்று. சாயம் போகுமோ என்று ஐயமுள்ள சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க. வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துண்டை மீண்டும் மீண்டும் அலசுக. அப்பொழுதும் நிறம் விடுமாயின் அதனைப் போர்வையிற் சேர்த்தலாகாது. ஒரு துண்டின் சாயம் இருநூறு துண்டுகளையும் கெடுத்துவிடும்.

மூன்றாவது, வலிமை ஆய்வு. பழந்துணியை வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பார்க்க. இழை விலகி வெளிச்சம் ஊடுருவும் இடங்களை வெட்டி நீக்கி, உறுதியான பகுதியை மாத்திரம் கொள்க. சேலையில் உடுத்துவார் அமரும் பகுதி முதலில் நையும். உள்முந்தானைப் பகுதி நெடுநாள் உறுதியாக இருக்கும்.

அளவு

துண்டுகளுக்கு ஓர் அளவை வகுத்துக்கொள்ளாது கிடைத்தபடி ஒட்டுதல் கைதேர்ந்தார்க்கே இயலும். தொடங்குவார்க்குச் சதுரமே ஏற்றது. 5 அங்குலச் சதுரமாக வெட்டி, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்தபின் ஒவ்வொன்றும் 4½ அங்குலமாக நிற்கும். ஒன்பது சதுரங்களை மூன்று வரிசையாக இணைத்தால் 13½ அங்குலக் கட்டம் ஒன்று கிடைக்கும். அகலத்தில் நான்கும் நீளத்தில் ஆறுமாக இருபத்துநான்கு கட்டங்களை இணைத்தால் 54 அங்குல அகலமும் 81 அங்குல நீளமுமுள்ள மேற்றுணி அமையும். வேண்டும் சதுரங்கள் 216. எம் அம்மாயி எழுத்தறியாதவர். எனினும் அவர்தம் கணக்கு இதுவே என்பதைப் பெட்டியில் இருந்த துண்டுகளை எண்ணியபோது அறிந்தோம். 23 கட்டங்களில் 207, தனியே 7, ஆக 214. இரண்டே குறைந்தன.

கட்டம் கட்டமாகச் செய்வதன் பயன் ஒன்று உண்டு. 216 சதுரங்களையும் ஒருசேர எண்ணினால் மனம் தளரும். ஒரு கட்டம் ஒரு மாலையில் முடியும். முடிந்ததைக் கண்ணாற் காணலாம். இருபத்துநான்கு சிறு முடிவுகள் சேர்ந்து ஒரு பெரிய முடிவாகும்.

விளிம்பினின்று தொடங்குதல்

இனி, இவ்வளவு திருத்தமாகத் தொடங்கியதும் ஏன் முடியவில்லை என்பதை ஆராய்வோம். எம் அம்மாயி சோம்பியவர் அல்லர். கையிற் பட்ட துண்டையெல்லாம் வெட்டினார், தைத்தார். ஆயினும் அடித்துணியையும் விளிம்பையும் 'பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டார். முடியாது கிடக்கும் போர்வைகளை யாம் உறவினர், நண்பர் வீடுகளிற் கண்டவரை, அவையனைத்தும் இவ்விடத்திலேயே நின்றன. மேற்றுணி தைப்பது இன்பம்; நிறத்தோடு நிறம் சேரும் அழகு அதில் உண்டு. அடித்துணிக்கோ பெருந்துணி வேண்டும். அதற்குச் செலவு வேண்டும், அன்றி ஒரு நல்ல சேலையை வெட்டும் மனத்துணிவு வேண்டும். அத்துணிவு வருவதற்குள் பெட்டி மூடப்படுகின்றது.

இதற்கு மாற்று வழியொன்றைக் கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்திற் காணலாம். ஹளியாள், எல்லாப்பூர், முண்டுகோடு முதலிய ஊர்களின் அருகே சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவினின்றும் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டவர்களின் வழியினர். அவர்தம் பெண்டிர் பழந்துணிகளால் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அவர்கள் மேற்றுணியைத் தனியே தைத்து வைப்பதில்லை. முதலிற் பழஞ்சேலை ஒன்றை அடித்துணியாக விரிக்கின்றனர். ஒரு மூலையிலே தொடங்கி, விளிம்பை மடித்து, துண்டுகளை வைத்து ஓட்டுத்தையலால் தைத்துக்கொண்டே நாற்புறமும் சுற்றி, விளிம்பினின்று நடுவை நோக்கிச் செல்கின்றனர். விளிம்பு முதலிலேயே முடிந்துவிடுகின்றது. இறுதியில் எஞ்சுவது நடுவிடமே. நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போன்ற முக்கோணங்கள் வைப்பர். அப்பூக்கள் இல்லாத கவந்தி ஆடையற்றது போன்றது என்பது அவர்கள் கொள்கை.

இதனை அறிந்தபோது எம் அம்மாயியின் பெட்டியே எம் நினைவுக்கு வந்தது. நம்மவர் கடைசிக்கென ஒதுக்குவதை அவர்கள் முதலிற் செய்கின்றனர். சதுரங்களால் போர்வை செய்வார் சித்தியர் முறையை அப்படியே பின்பற்றுதல் இயலாது. எனினும் அதன் கருத்தைக் கொள்ளலாம். அக்கருத்தாவது: அடித்துணி, நடுத்துணி, விளிம்புப் பட்டை ஆகிய மூன்றையும் அலசித் தேய்த்து ஒரு பையில் இட்டுக் கட்டி வைத்த பின்னரே மேற்றுணியின் முதற் சதுரத்தை வெட்டுக. இக்கட்டுரையில் நினைவில் நிறுத்தத்தக்கது ஒன்றே உண்டெனின், அது இதுவே.

அடியும் நடுவும்

அடித்துணி மேற்றுணியினும் நாற்புறமும் 4 அங்குலம் பெரியதாக இருத்தல் வேண்டும். தைக்கும்போது துணி சிறிது உள்வாங்கும். மேலே கூறிய அளவிற்கு 62 அங்குல அகலமும் 89 அங்குல நீளமும் வேண்டும். ஐந்தரை மீட்டர் நூற்சேலையை நடுவே வெட்டி, இரு பாதிகளையும் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் இவ்வளவும் கிடைத்து, மேலும் எஞ்சும். சேலைக்கரை உறுதியானதாகையால் அவ்விணைப்பு எளிதிற் பிரியாது.

நடுத்துணியாக இலவம்பஞ்சு வைத்தல் நம் நாட்டிற்குப் பொருந்தாது. தையல் நெருக்கமாக இல்லாவிடின் பஞ்சு ஒருபுறம் திரளும், வெளுத்தலும் அரிது. கோயமுத்தூரின் குளிர் மார்கழிப் பனியளவினது. ஆடி மாதத்திற் பாலைக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கும் மெல்லிய போர்வையே போதும். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமுமுள்ள பழைய சென்னிமலைப் படுக்கை விரிப்பொன்று நடுத்துணிக்கு மிகவும் ஏற்றது. கிழிசல் இருப்பினும் குற்றமில்லை. அதன்மேல் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதனை எவரும் காணப்போவதில்லை.

பெருக்கித் துடைத்த தரையில் அடித்துணியை அதன் மேற்புறம் தரையை நோக்க விரித்து, ஓரங்களை ஒட்டுத் தாளால் இழுத்து ஒட்டுக. அதன்மேல் நடுத்துணியையும், அதன்மேல் மேற்றுணியையும் சுருக்கமின்றி விரிக்க. பிறகு நடுவினின்றும் விளிம்பு நோக்கி, 4 அங்குல இடைவெளியில் நீண்ட தற்காலிகத் தையல் ஓட்டுக. நடுவினின்று தொடங்குவதால் சுருக்கங்கள் வெளியே தள்ளப்படும். இதனைச் சோம்பலால் விடுபவர், போர்வையின் அடியிலே மடிப்பு விழுந்து தைக்கப்பட்டிருப்பதை இறுதியிற் கண்டு வருந்துவர்.

அதன்பின் ஊடுதையல். சதுரங்களின் இணைப்பை ஒட்டியேனும், மூலைக்கு மூலை குறுக்காகவேனும் ஓட்டுத்தையல் இடுக. கோட்டுக்கும் கோட்டுக்கும் 4 அங்குலத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று. கையால் தைப்பதா, தையற்பொறியால் தைப்பதா என்று வினவுவர். இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே 1924-ஆம் ஆண்டு இராமச்சந்திரன் என்னும் மாணவர்க்கு விடையிறுக்கையில், சிங்கர் தையற்பொறியை விலக்காகக் கொண்டு பாராட்டினார். அம்மாணவரே பின்னாளில் திண்டுக்கல்லையடுத்த காந்திகிராமத்தை நிறுவியவருள் ஒருவர். ஆதலின் பொறியால் தைப்பது குறைவென்று எவரும் கருதவேண்டா. கட்டங்களை இணைக்கப் பொறியும், ஊடுதையலுக்குக் கையும் என்று பகுத்துக்கொண்டால் காலமும் மிஞ்சும். போர்வையும் மென்மையாக இருக்கும்.

விளிம்புப் பட்டை

விளிம்பே போர்வையின் ஆயுள். கைபடுவதும் தரையில் உராய்வதும் முதலில் நைவதும் அதுவே. 54 அங்குலமும் 81 அங்குலமும் உள்ள போர்வையின் சுற்றளவு 270 அங்குலம். மூலை மடிப்புகளுக்கும் இறுதி இணைப்பிற்கும் 12 கூட்டினால் 282. இதற்குத் தனியே துணி வாங்கவேண்டுவதில்லை. 36 அங்குல அகலமுள்ள ரவிக்கைத் துண்டில் 2½ அங்குல அகலப் பட்டைகள் ஒன்பது வெட்டினால் 324 அங்குலமாகும். இணைப்புகளில் 20 அங்குலம் கழியினும் 304 எஞ்சும். ஆகவே தாம்பூலத்தில் வந்த ஒரே ஒரு ரவிக்கைத் துண்டு ஒரு போர்வையின் விளிம்பு முழுதிற்கும் போதும்.

பட்டைகளைக் குறுக்காகச் சாய்த்து இணைத்தால் இணைப்பிடம் தடிக்காது. இணைத்த பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்க்க. மடிப்பு உள்நோக்க, திறந்த ஓரங்கள் போர்வையின் ஓரத்தோடு பொருந்த வைத்து, மேற்புறத்திற் கால் அங்குலத்தில் தைத்துச் செல்க. மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னே தையலை நிறுத்தி, பட்டையைச் சாய்வாக மேலே மடித்து, மீண்டும் நேராகக் கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்குக. நான்கு பக்கமும் முடிந்தபின் பட்டையைப் பின்புறம் திருப்பிக் கையால் தைத்து முடிக்க. வட்டமான விளிம்பாயின் மாத்திரம் தையற்காரர் 'கிராஸ்' என்னும் சாய்வெட்டுப் பட்டை வேண்டும். நேர் விளிம்பிற்கு நேர்வெட்டே போதும்.

பின்னிய துண்டுகள்

முன்னர்ப் பிரித்து வைத்த பனியன் துண்டுகளுக்கும் வழியுண்டு. நீண்ட துண்டுகளை ஓரங்குல அகலமுள்ள நாடாக்களாக வெட்டி இழுத்தால், அவை தாமே சுருண்டு கயிறு போலாகும். அவற்றை மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுருட்டி, அடியில் ஊசியாற் கோத்துத் தைத்தால் நல்ல கால்மிதி ஆகும். ஈரத்தை நன்கு உறிஞ்சும், எளிதில் வெளுக்கலாம். இதற்கும் ஆகாத சிறு நறுக்குகளை ஒரு பழைய தலையணை உறையிலே சேர்த்துக்கொண்டு வருக. நிரம்பியபின் வாயைத் தைத்துவிட்டால் அமர்வதற்கு ஒரு திண்டாகும்.

பிறர் கண்ட வழிகள்

கந்தலுக்கு இத்துணை மதிப்போ என்று ஐயுறுவார்க்குச் சில சான்றுகள் கூறுவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உளது. அங்கு அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்டிர், வயல்வேலையில் நைந்த ஆடைகளைக் கொண்டு, குளிருக்கு ஆற்றாமல் போர்வைகள் தைத்தனர். அப்போர்வைகள் 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர் அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கிலும் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006-இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

நம் நாட்டில் 1999-இல் அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் அமைப்பு நகரத்துப் பழந்துணியைத் திரட்டிச் சிற்றூர்களுக்குச் சேர்க்கின்றது. நைந்தவற்றைப் போர்வையாகவும் வேறு பொருள்களாகவும் தைக்கின்றது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ, 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து சென்றபின், ஆரோவில்லில் உள்ள 'உபாசனா' என்னும் நிறுவனத்தார் மீனவப் பெண்டிர்க்கு ஆலைத் துண்டுத் துணிகளால் சிறு பொம்மை செய்யக் கற்பித்தனர். அதற்குச் 'சுனாமிகா' என்று பெயர். அதனை விலைக்கு விற்காது அன்பளிப்பாகவே வழங்கினர். துன்பத்தில் உறைந்த கைகளுக்கு முடிக்கத்தக்க சிறுவேலை ஒன்று கிடைத்தது; ஒன்றை முடித்த கை அடுத்ததை எடுத்தது. முடித்தலில் உள்ள மருந்து இஃதே போலும்.

பெட்டியில் இருந்த போர்வை

எம் அம்மாயியின் போர்வைக்கு அடித்துணி வேண்டியிருந்தது. கடையில் வாங்குவதென்று யாம் தீர்மானித்திருந்த நாளில், எம் அன்னையார் அலமாரியினின்றும் கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றை எடுத்து வந்தார். அம்மாயி இறுதியாக உடுத்திய நூற்சேலை அது. பதினான்கு ஆண்டுகளாக ஆண்டுக்கொரு முறை வெயிலிற் காயவைத்து, மீண்டும் மடித்து வைத்துக் காத்திருந்தார். அதனை வெட்ட எமக்குக் கை எழவில்லை. வேண்டா என்று தடுத்தோம். "பெட்டியில இருந்தா யாருக்கு ஆகுங் கண்ணு?" என்று கூறி, கத்தரிக்கோலைத் தாமே வாங்கி, சேலையை நடுவே மடித்து, மடிப்பின்மேல் நேராக வெட்டினார். வெட்டி முடியும்வரை ஒருவரும் பேசவில்லை.

குறைந்த இரண்டு சதுரங்களுள் ஒன்றை அச்சேலையின் எஞ்சிய பகுதியினின்றும், மற்றொன்றை யாம் கல்லூரியிற் பயின்ற நாளில் உடுத்திய சட்டையினின்றும் எடுத்தோம். அன்னையார் ஒருபுறமும் யாம் ஒருபுறமுமாக அமர்ந்து மூன்று மாதத்து மாலைகளில் ஊடுதையல் முடித்தோம். அவர்தம் தையல் நெருக்கமானது; எம் தையல் அகன்றது. பிரித்து ஒழுங்காக்கலாமா என்று வினவியதற்கு, வேண்டா என்றார். இன்றும் போர்வையைப் பார்ப்பவர் யார் எப்பக்கம் தைத்தார் என்பதை எளிதில் அறியலாம்.

நம் மாணவ மாணவியருள் பலர் விடுதிப் பெட்டியிலும் வீட்டு அலமாரியிலும் பாதி பின்னிய பூவேலையும், வெட்டித் தைக்காத சட்டையும், மேற்றுணி மாத்திரம் முடிந்த போர்வையும் வைத்திருப்பர் என்பதை யாம் அறிவோம். புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் அவற்றுள் ஒன்றை இவ்விடுமுறையில் வெளியே எடுங்கள். அதற்குக் குறைவது என்னவென்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அது ஒரு ரவிக்கைத் துண்டும் ஒரு பழஞ்சேலையும் சில மாலைப் பொழுதுகளுமே ஆகும். அப்பொருளைத் தொடங்கியவர் இன்றும் உம்மோடு இருப்பாராயின், அவர் அருகில் அமர்ந்து முடியுங்கள். யாம் அவ்வாறு செய்யத் தவறினோம்.

அப்போர்வை இப்பொழுது தகரப் பெட்டியில் இல்லை. மார்கழி இரவில் எம் அன்னையார் அதனைப் போர்த்து உறங்குகின்றார். காலையில் அது முற்றத்துக் கொடியில் வெயில் காய்கின்றது.